கேமிங் மொனிட்டர் வாங்குமுன் உங்கள் விஜிஏ கார்டைப் பாருங்கள்

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகளைச் சுற்றி வந்தால் சுவர் முழுக்கத் திரைகள். கடலடி மீன், மழைக்காடு, பனிமலை என்று எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். வெளிச்சமும் நிறமும் உச்சத்தில் வைக்கப்பட்டிருப்பதால் எல்லாமே அழகாகத்தான் தெரியும். ஆனால் அந்த மாதிரி வீடியோக்கள் பெரும்பாலும் செக்கனுக்கு 30 அல்லது 60 படங்களோடு ஓடுபவை. 60 ஹேர்ட்ஸ் திரைக்கும் 240 ஹேர்ட்ஸ் திரைக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரிய வழியே இல்லை. கடைசியில் வாங்க வந்தவர் நம்பி நிற்பது பெட்டியிலுள்ள ஸ்டிக்கரைத்தான்: 1 மில்லிசெக்கன், எச்டிஆர், 180 ஹேர்ட்ஸ், வளைந்த திரை.

இந்த எண்களில் ஒன்றிரண்டு விளையாட்டையே மாற்றிவிடும். மற்றவை பெட்டியை அலங்கரிக்க வந்தவை. எது எது என்று பிரித்துப் பார்ப்பது முன்னெப்போதையும் விட இப்போது முக்கியம், காரணம் காசு. 2022 மார்ச் தொடக்கம் வரை ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. ரூபாவை மிதக்க விட்டபின் மே மாதத்தில் அது 350ஐத் தாண்டி, பிறகு மெல்ல இறங்கி 300 அளவுக்கு வந்தது. 200 டொலர் மொனிட்டர் ஒன்று வரி சேர்க்கும் முன்பே 40,000 ரூபாவிலிருந்து 60,000 ஆகிவிட்டது. அதன் மேல் வற் வரி வேறு: 2022இன் தொடக்கத்தில் 8 சதவீதம், 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். வெளிநாட்டுக் காணொளிகளில் "இன்னும் ஐம்பது டொலர் போட்டால் இதைவிடத் திறமானது கிடைக்கும்" என்று இலகுவாகச் சொல்லிவிடுவார்கள். அந்த ஐம்பது டொலர் இங்கே சிலரின் ஒரு மாத வீட்டுச் சாமான் செலவு. அதனால் கொழும்பில் ஒருவர் மொனிட்டர் வாங்கினால், அடுத்த விஜிஏ கார்ட் மாறும் வரைக்கும், சில வேளை அதற்கடுத்தது மாறும் வரைக்கும் அதுவேதான் மேசையில் இருக்கும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? மொனிட்டரிலிருந்து தொடங்கக் கூடாது என்பது என் எண்ணம். படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்ட், அதாவது நாங்கள் எல்லோரும் விஜிஏ என்று சொல்வது. மொனிட்டர் வந்ததைக் காட்டும், அவ்வளவுதான். கார்ட் செக்கனுக்கு 70 படம் வரைந்தால் 240 ஹேர்ட்ஸ் மொனிட்டரும் 70 புதுப் படங்களைத்தான் காட்டும். ஆகவே நீங்கள் விளையாடும் விளையாட்டில், நீங்கள் விரும்பும் தரத்தில், உங்கள் கணினி செக்கனுக்கு எத்தனை பிரேம் (படம்) தருகிறது என்பதுதான் முதல் எண். அதைப் பார்க்கக் காசு தேவையில்லை. ஸ்டீம், என்விடியா, ஏஎம்டி மூன்றின் மென்பொருளிலும் பிரேம் எண்ணிக்கையைத் திரை மூலையில் காட்டும் வசதி இருக்கிறது. ஒரு மாலை விளையாடிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹேர்ட்ஸ் கணக்கு

ஹேர்ட்ஸ் என்பது திரை ஒரு செக்கனில் எத்தனை தடவை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. 60 ஹேர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லிசெக்கன் நிற்கும். 144இல் 6.9. 240இல் 4.2. 360இல் 2.8. இப்போது இடைவெளிகளைப் பாருங்கள். 60இலிருந்து 144க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லிசெக்கன் மிச்சம். 144இலிருந்து 240க்குப் போனால் மூன்றுக்கும் குறைவு. 240இலிருந்து 360க்கு வெறும் 1.4. கண்ணுக்குக் கிடைக்கும் லாபம் இப்படிச் சுருங்கிக்கொண்டே போக, விலை மட்டும் ஏறிக்கொண்டே போகும். 60இலேயே பழகியவர் 144ஐத் தொட்டால் சுட்டியை அசைத்த முதல் நிமிடத்திலேயே வித்தியாசம் தெரியும். 144இலிருந்து 165 அல்லது 180க்குப் போனதைக் கண் கண்டுபிடித்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன்.

அதிக ஹேர்ட்ஸில் படம் ஏன் தெளிவாகத் தெரிகிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்சிடித் திரையும் சரி, ஓலெட் திரையும் சரி, அடுத்த படம் வரும்வரை முந்தைய படத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கின்றன. ஓடும் எதிரியைக் கண் தொடரும்போது கண் நிற்காமல் நகர்கிறது. திரையிலுள்ள உருவமோ ஒரே இடத்தில் நின்று, பிறகு துள்ளி அடுத்த இடத்துக்குப் போகிறது. இந்த இழுபறி கண்ணுக்குள் தேய்ந்த உருவமாகப் பதிகிறது. செக்கனுக்கு 960 பிக்சல் வேகத்தில் நகரும் ஒன்று 60 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 16 பிக்சல் அகலத்துக்குத் தேயும். 120இல் 8 பிக்சல், 240இல் 4. திரை எவ்வளவு வேகமாக நிறம் மாற்றினாலும் இந்தத் தேய்வு போகாது. கார்ட் உண்மையிலேயே அத்தனை பிரேம் கொடுத்தால் மட்டுமே குறையும்.

வலோரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகள் சுமாரான கார்டிலும் நூற்றுக்கணக்கான பிரேம்களில் ஓடுமாறு செய்யப்பட்டவை. அவற்றைத்தான் விளையாடுகிறீர்கள் என்றால் 1080பி (1920க்கு 1080 பிக்சல்), 24 அங்குலம், 240 ஹேர்ட்ஸ் என்பது நியாயமான ஆசை. ஆனால் 240 பிரேமுக்கு விஜிஏ மட்டும் போதாது, கணினியின் மூளையான சிபியுவும் ஈடுகொடுக்க வேண்டும். பழைய நான்கு கோர் ஐ5 சிபியுவை வைத்துக்கொண்டு 240 ஹேர்ட்ஸ் மொனிட்டர் வாங்குபவர்கள் ஏமாறுவது அங்கேதான். பெரிய கதை விளையாட்டுகளை உயர்ந்த தரத்தில் விளையாடுபவருக்கு 60க்கும் 100க்கும் இடையில்தான் பிரேம் வரும். அவருக்கு 144க்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவும் வேறெங்காவது போயிருக்கலாம்.

இடையில் ஒரு விஷயம். இங்கிருந்து விளையாடும் பலர் சிங்கப்பூர் அல்லது மும்பை சேர்வரில்தான் இணைகிறார்கள். போய்வரும் தாமதமே பல பத்து மில்லிசெக்கன். 240க்கும் 360க்கும் இடையிலான 1.4 மில்லிசெக்கன் தனக்கு வெற்றி தேடித் தரும் என்று நம்புபவர், முதலில் வைஃபையை விட்டுவிட்டு ரௌட்டரிலிருந்து கேபிள் இழுக்கட்டும். செலவும் குறைவு, பலனும் அதிகம்.

கிழிந்த படம்

மொனிட்டர் ஒரு படத்தை மேலிருந்து கீழாக, வரி வரியாக வரைகிறது. பாதியில் இருக்கும்போது கார்ட் அடுத்த படத்தைக் கொடுத்துவிட்டால் மேல் பாதி பழையதாகவும் கீழ் பாதி புதியதாகவும் திரையின் நடுவே ஒரு வெட்டு விழும். இதைத் தடுக்க முன்பு இருந்த வழி வி-சிங்க். திரை தயாராகும் வரை கார்டைக் காக்க வைக்கும். வெட்டு மறையும், ஆனால் கை அசைவுக்கும் திரைக்கும் இடையில் தாமதம் கூடும். 60 ஹேர்ட்ஸ் திரையில் கார்ட் 55 பிரேம்தான் தருகிறதென்றால் தடுக்கித் தடுக்கி ஓடும்.

மாறும் புதுப்பிப்பு வீதம் இதைத் தலைகீழாக்கியது. கார்ட் படத்தை முடிக்கும் வரை இங்கே மொனிட்டர்தான் காத்திருக்கும். என்விடியா 2013இல் ஜி-சிங்க்கை அறிவித்தபோது அதற்கென்று ஒரு தனிச் சில்லு மொனிட்டருக்குள் இருக்க வேண்டும், அதற்கு விலையும் உண்டு. 2014இல், திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு அதே வேலையை டிஸ்பிளேபோர்ட் என்ற இணைப்பின் தரத்துக்குள் சேர்த்தது, ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் அதன் மேல் எழுந்தது. 2019 ஜனவரியில் என்விடியாவும் இறங்கி வந்து, அந்த வகை மொனிட்டர்களைத் தன் கார்டுகளோடு வேலை செய்ய விட்டது. ஆகவே "உங்களிடம் என்விடியா கார்ட் என்றால் ஜி-சிங்க் மொனிட்டர்தான் வாங்க வேண்டும்" என்று இன்னும் யாராவது சொன்னால் அது பழைய கதை.

பார்க்க வேண்டியது அந்த வசதி வேலை செய்யும் ஹேர்ட்ஸ் எல்லையை. 48 முதல் 144 வரை என்றிருந்தால் நல்லது. பிரேம் 48க்குக் கீழே போனாலும் மொனிட்டர் ஒரே படத்தை இரண்டு தடவை காட்டிச் சமாளித்துவிடும், ஏனென்றால் மேல் எல்லை கீழ் எல்லையின் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. 48 முதல் 75 வரை மட்டும் என்றால் அந்த உபாயம் நடக்காது. மலிவான கார்ட் வைத்திருப்பவருக்குத்தான் இந்த வசதி அதிகம் தேவை. மலிவான மொனிட்டர்களில்தான் எல்லை ஒடுக்கமாக இருக்கிறது. என்னைக் கேட்டால், பிரேம் ஏறி இறங்கும் சாதாரணக் கணினிக்கு இந்த ஒரு வசதி கூடுதல் அறுபது ஹேர்ட்ஸை விடப் பெறுமதியானது. மொனிட்டரின் மெனுவில் இது அணைந்திருக்கலாம், வீட்டுக்கு வந்ததும் போட்டுவிடுங்கள்.

எத்தனை பிக்சல், எத்தனை அங்குலம்

1080பி திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் பிக்சல். 1440பியில் 36.9 இலட்சம். 4கேயில் 82.9 இலட்சம், அதாவது 1080பியின் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு பிரேமிலும் கார்ட் இத்தனையையும் நிரப்ப வேண்டும். 2021இல் வந்த ஆர்எக்ஸ் 6600, 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 இரண்டையும் அவற்றைச் செய்த நிறுவனங்களே 1080பிக்கு உரியவை என்றுதான் விற்றன. அந்தக் கணக்கில் பார்த்தால் 1440பி பேராசை.

ஆனால் குறைந்த பிக்சலில் வரைந்து மென்பொருளால் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் (என்விடியா), எஃப்எஸ்ஆர் (ஏஎம்டி) போன்ற உத்திகள் வந்தபின் இந்தக் கணக்கு குழம்பிவிட்டது. 1440பி மொனிட்டரில் டிஎல்எஸ்எஸ்ஸை 'குவாலிட்டி'யில் வைத்தால் கார்ட் உள்ளே வரைவது ஏறத்தாழ 1707க்கு 960 பிக்சல்தான். அது 1080பியை விடக் குறைவு! மீதியை மென்பொருள் நிரப்புகிறது. அந்த நிரப்புதலுக்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனாலும் விளைவு அதே அளவு 27 அங்குலத் திரையில் சாதாரண 1080பியை விடப் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அதனால் 4060 போன்ற ஒரு கார்ட் வைத்திருப்பவர், அடுத்த சில வருடங்களில் கார்டை மாற்றும் எண்ணமும் உள்ளவர், 27 அங்குல 1440பி ஐபிஎஸ் (பனல் வகைகள் பின்னால் வருகின்றன) திரைக்குப் போவதில் தப்பில்லை. ஜிடிஎக்ஸ் 1650 போன்ற பழைய கார்டோடு இருப்பவர் 24 அங்குல 1080பியில் நிற்கட்டும். பிரேம் ஜெனரேஷன் வேறு விஷயம். இரண்டு உண்மைப் படங்களுக்கு நடுவே கற்பனைப் படத்தைச் செருகுவது அது. எண்ணிக்கை ஏறும், கை அசைவுக்குக் கிடைக்கும் பதில் வேகமாகாது. கடைக்காரர் 200 பிரேம் என்று காட்டினால் பிரேம் ஜெனரேஷன் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

தெளிவு என்பது பிக்சல் எண்ணிக்கையையும் அளவையும் சேர்த்துப் பார்ப்பது. 24 அங்குல 1080பியில் அங்குலத்துக்கு 92 பிக்சல். அதே 1080பியை 27 அங்குலத்தில் விரித்தால் 82. பெரிய திரை, மலிவான விலை என்று கடைகளில் அதிகம் கைமாறும் வகை இது, நான் யாருக்கும் சொல்லாத வகையும் இதுதான். விளையாட்டில் மரத்தின் ஓரம் படிக்கட்டாகத் தெரிவது ஒருபுறம் இருக்கட்டும். எங்கள் வீடுகளில் ஒரே கணினியில்தான் பகலில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவரின் சூம் வகுப்பும் இரவில் விளையாட்டும் நடக்கின்றன. 82 பிக்சலில் சிறிய தமிழ் எழுத்தின் சுழிகள் கலங்கி, மணிக்கணக்காகப் படிக்கும் பிள்ளைக்குக் கண் களைத்துவிடும். 27 அங்குல 1440பியில் 109 வரும், விளையாட்டுக்கும் படிப்புக்கும் பொருந்தும் இடம் அது. 27 அங்குல 4கேயில் 163. அழகுதான், அதை ஓட்டும் கார்டின் விலை மொனிட்டரையே மிஞ்சும்.

1440பி மொனிட்டரை வாங்கிவிட்டு, கார்ட் போதவில்லை என்று விளையாட்டை 1080பிக்கு இறக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு பிக்சலை 1.33 பிக்சலாக விரிக்க முடியாது, படம் முழுக்க மெல்லிய மங்கல் படியும். இறக்குவதென்றால் விளையாட்டுக்குள் இருக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் வழியாகவே இறக்குங்கள்.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்து ஃபிளட்களில் படுக்கையறை மூலையில் சுவரோடு ஒட்டிய மேசைதான் பெரும்பாலும் கிடைக்கும். ஆழம் 50, 60 சென்ரிமீற்றர். மொனிட்டரின் காலும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். 32 அங்குலத் திரையின் அகலம் 71 சென்ரிமீற்றர், அவ்வளவு கிட்ட இருந்தால் மூலையிலுள்ள வரைபடத்தைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டிவரும். 27க்கு 60, 24க்கு 53. கடைக்குப் போகுமுன் அளவு நாடாவை எடுத்து மேசையை அளந்துவிடுங்கள். பின்பக்கம் 75க்கு 75 அல்லது 100க்கு 100 மில்லிமீற்றரில் நான்கு துளைகள் இருந்தால் பிறகு ஒரு கை வாங்கிப் பூட்டி மேசையைக் காலியாக்கலாம்.

பனலும் பின்னேர வெயிலும்

பனல் என்பது படம் தெரியும் தகடு. அதில் ஐபிஎஸ், விஏ, ஓலெட் மூன்று வகையும்தான் இப்போது களத்தில். டிஎன் பழைய சரக்கு, அதை விட்டுவிடலாம்.

ஐபிஎஸ்ஸில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 1000க்கு 1. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரியும். விஏயில் அது 3000 அளவில் இருக்கும், குகைக்குள் நடக்கும் காட்சி உண்மையிலேயே இருட்டாக இருக்கும். அதற்கு விஏ கேட்கும் விலை வேகம். கறுப்பிலிருந்து கடும் சாம்பலுக்கு மாறுவதற்கு மலிவான விஏ திரைகள் வெகுநேரம் எடுக்கின்றன, இருட்டில் ஓடும் உருவத்தின் பின்னால் மைக்கறை மாதிரி ஒரு வால் இழுபடும். சுடும் விளையாட்டுக்காரருக்கு இது எரிச்சல். கார் ஓட்டுபவர், கதை விளையாடுபவர் பெரிதுபடுத்தமாட்டார்.

எந்த வகை என்பதை அறையின் வெளிச்சமும் தீர்மானிக்கிறது. கொழும்பில் இதைக் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். காலி வீதிக்குக் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் பல வீடுகளின் யன்னல் மேற்கே பார்க்கிறது. பின்னேரம் மூன்று மணியிலிருந்து சூரியன் கடலில் இறங்கும் வரை அறைக்குள் நேரே வெயில் அடிக்கும். அந்த நேரத்தில் விஏயின் 3000க்கு 1 எதற்கும் உதவாது, திரையில் படும் வெளிச்சமே கறுப்பை அழித்துவிடும். அங்கே தேவை 350 நிட்டுக்கு (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அளவு) மேற்பட்ட வெளிச்சமும் பளபளக்காத மேற்பூச்சும். யன்னலுக்கு முகம் கொடுத்தோ முதுகு கொடுத்தோ வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். மாறாக, வீட்டார் எல்லோரும் படுத்தபின் விளக்கை அணைத்துவிட்டு விளையாடுபவர் என்றால் விஏயும் ஓலெட்டும் கொடுத்த காசுக்கு வேலை செய்யும்.

ஓலெட் எல்லாவற்றுக்கும் மேலே. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் கறுப்பு என்றால் கறுப்புத்தான், நிறம் மாறும் நேரமும் மில்லிசெக்கனில் ஒரு சிறு பங்கு. 2022இல் ஏலியன்வெயார் ஓலெட்டின் ஒரு வகையான க்யூடி-ஓலெட்டில் முதல் கேமிங் மொனிட்டரைக் கொண்டுவந்த பின் விலை மெல்ல இறங்கிவருகிறது. ஆனாலும் மூன்று விஷயம் உண்டு. பலமான வெளிச்சமுள்ள அறையில் க்யூடி-ஓலெட்டின் கறுப்பு சாம்பல் பூத்துவிடும். பிக்சல்களின் அமைப்பு வேறு என்பதால் எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசியும். மூன்றாவதுதான் பெரியது: ஒரே இடத்தில் நாள் முழுக்க அசையாமல் நிற்கும் உருவம் காலப்போக்கில் திரையில் நிரந்தரமாகத் தங்கிவிடும். பகலில் எட்டு மணிநேரம் எக்ஸெல் திறந்திருக்கும் மேசைக்கு ஓலெட்டை நான் சொல்லமாட்டேன். தங்கிவிடும் உருவத்துக்கும் வாரண்டி உண்டு என்று உற்பத்தியாளரின் தளத்தில் எழுதியிருந்தாலும், இங்குள்ள ஏஜன்ட் அதை ஏற்பாரா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் இருப்பவை

முதலில் அந்த '1 மில்லிசெக்கன்'. எல்சிடியில் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம் எந்தச் சோடியை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். நிறுவனம் அச்சிடுவது மிகச் சிறந்த சோடியை, அதுவும் நிறமாற்றத்தை முடுக்கும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்து அளந்தது. அப்படி உச்சத்தில் வைத்தால் நிறம் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும், நகரும் உருவத்தைச் சுற்றி வெள்ளை நிழல் ஒன்று தெரியும். நடைமுறையில் நடு அளவில் வைத்துத்தான் விளையாட முடியும், அப்போது அந்த 1 காணாமல் போய்விடும். எம்பிஆர்டி என்ற சொல்லோடு 1 மில்லிசெக்கன் போட்டிருந்தால் அது வேறு அளவை: பின்னொளியை வேகமாக அணைத்து அணைத்துப் போடுவதால் கிடைப்பது. படம் கூர்மையாகும், வெளிச்சம் இறங்கும், பெரும்பாலான மொனிட்டர்களில் ஃப்ரீசிங்க்கோடு சேர்ந்தும் ஓடாது. கடையில் இணைய வசதி இருந்தால் டெஸ்ட்யூஎஃப்ஓ தளத்தைத் திறந்து, ஓடும் அந்தப் பறக்கும் தட்டைப் பாருங்கள். வாலும் நிழலும் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வீச்சைக் கூட்டிக் காட்டும் வசதி, இன்னும் மோசம். வெசா 2017 டிசம்பரில் கொண்டுவந்த தரவரிசையில் அடிமட்டம் டிஸ்பிளேஎச்டிஆர் 400. தொடக்கத்தில், உச்ச வெளிச்சம் 400 நிட் வந்தால் ஏறத்தாழ வேலை முடிந்தது. பின்னொளியைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் கிடையாது. பகுதி பகுதியாகக் குறைக்க முடியாத திரையில் நட்சத்திரத்தைப் பிரகாசமாக்கினால் வானமும் சேர்ந்து வெளுக்கும். '400' ஸ்டிக்கருக்காக ஒரு ரூபாவும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ஓலெட்டோ, நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பின்னொளியைப் பிரித்த மினி-எல்இடியோ வாங்கும்போது எச்டிஆர் பற்றிப் பேசலாம்.

வளைவு ரசனை சார்ந்தது. 1500ஆர் என்றால் ஆரை 1500 மில்லிமீற்றர், எண் குறைய வளைவு கூடும். 34 அங்குல அகலத் திரையில் அர்த்தம் உண்டு, 24இல் இல்லை. உள்ளே இருக்கும் ஸ்பீக்கரைப் பற்றிப் பேசாமல் விடுவோம்.

கேபிள்

புது 165 ஹேர்ட்ஸ் மொனிட்டரைக் கொண்டுவந்து பூட்டி, மாதக்கணக்காக 60 ஹேர்ட்ஸிலேயே விளையாடுபவர்கள் நிறையப் பேர். விண்டோஸ் பல வேளைகளில் 60இலேயே நின்றுவிடும். டிஸ்பிளே செட்டிங்கில் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய் நீங்களே மாற்ற வேண்டும். மாற்றப் போனால் 144 அங்கே பட்டியலிலேயே இல்லையென்றால் குற்றவாளி கேபிள் அல்லது அதைப் பூட்டும் துளை. பழைய எச்டிஎம்ஐ 1.4 1440பியில் அவ்வளவு தாங்காது. எச்டிஎம்ஐ 2.0 1440பியில் 144 வரை போகும், 4கேயில் 60. டிஸ்பிளேபோர்ட் 1.4 இருந்தால் கணினிக்காரருக்குப் பெரும்பாலும் வேறெதுவும் தேவையில்லை. சில மொனிட்டர்களின் பெட்டிக்குள் எச்டிஎம்ஐ கேபிள் மட்டும்தான் வரும், டிஸ்பிளேபோர்ட் கேபிளைத் தனியாக வாங்க வேண்டும்.

பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர் இன்னும் கவனம். அதில் எச்டிஎம்ஐ மட்டுமே உண்டு. 1440பி அதற்கு 2022 செப்டெம்பரில்தான் வந்தது, மாறும் புதுப்பிப்பு அதே வருடம் ஏப்ரலில். அந்த மாறும் புதுப்பிப்பு எச்டிஎம்ஐ 2.1 வழியாகத்தான் நடக்கும், ஃப்ரீசிங்க் என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. '2.1' என்ற எண்ணையும் கண்ணை மூடி நம்ப முடியாது. அந்தத் தரத்தின் முக்கிய வசதிகள் எல்லாம் விருப்பத் தெரிவுகள் என்பதால், பழைய 2.0 அளவு வேகம் மட்டுமே உள்ள துளைக்கும் 2.1 என்று பெயர் வைக்கலாம். "4கேயில் 120 ஹேர்ட்ஸ் எச்டிஎம்ஐ வழியாக வருமா?" என்று கேளுங்கள். அதுதான் சரியான கேள்வி.

எங்கே, எப்படி வாங்குவது

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மாமாவோ சித்தியோ வரும்போது ஒன்றைக் கொண்டுவரச் சொல்லும் யோசனை எல்லோருக்கும் வரும். அங்கே விலைக்கழிவு விற்பனையில் விலை நிச்சயம் குறைவுதான். மின்சாரம் பிரச்சினை இல்லை, பெரும்பாலான மொனிட்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், பின்பக்க லேபிளில் பார்த்தால் தெரியும். பிளக் வயரைப் புறக்கோட்டையில் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் பல விமான நிறுவனங்களின் எல்லையான 158 சென்ரிமீற்றருக்குள் 27 அங்குலம் பெரும்பாலும் அடங்கும். ஆனால் பெட்டிகளைத் தூக்கி எறிபவர்களுக்கு உள்ளே கண்ணாடி இருப்பது தெரியாது. திரை விரிசலோடு வந்தால் சுமந்து வந்தவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம், வாரண்டியும் இங்கே பெரும்பாலும் செல்லாது. விலை வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பாவித்தது வாங்குவதென்றால் இக்மன் விளம்பரத் தளத்தில் தினமும் விளம்பரம் வரும். அலுவலகங்களிலிருந்து கழித்து வந்த மொனிட்டர்களும் கடைகளில் கிடைக்கும். அவை அநேகமாக 60 ஹேர்ட்ஸ், படிப்புக்கு நல்லவை, கேமிங்குக்கு இல்லை. யாரிடம் வாங்கினாலும் கையில் ஒரு லெப்டொப்போடு போங்கள். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று முழுத்திரை நிறங்களை மாற்றி மாற்றிப் போட்டு, நிறம் மாறாமல் நிற்கும் இறந்த பிக்சலைத் தேடுங்கள். விஜிஏ கார்டைப் பல பேர் சந்தேகத்தோடு பார்த்து வாங்குவார்கள், மொனிட்டரை அந்தளவு பார்ப்பதில்லை.

புதிதாக வாங்கும்போது மூன்று விஷயத்தைக் கேளுங்கள். ஒன்று, சொன்ன விலை காசுக்கா கடனட்டைக்கா. வட்டியில்லாத் தவணைக்குப் போனால் சில இடங்களில் விலையே வேறாகிவிடும். இரண்டு, வாரண்டி உள்ளூர் ஏஜன்டினதா, கடையினதா. கடை மூடினால் கடையின் வாரண்டியும் மூடிவிடும். மூன்று, எத்தனை இறந்த பிக்சல் இருந்தால் மாற்றித் தருவார்கள். ஒன்று இருந்தாலே மாற்றுவோம் என்று சொல்பவர்கள் குறைவு, மூன்று அல்லது ஐந்து என்று கணக்கு வைத்திருப்பார்கள். பில்லின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வருடம் என்றால் 350 நாள் என்றும், எரிந்த அடையாளத்துக்கும் துருவுக்கும் பொறுப்பில்லை என்றும் அச்சிட்டிருக்கும். கடற்காற்று அடிக்கும் வீட்டில் துரு என்பது சாதாரணமாக எழுதப்பட்ட வரி இல்லை. பின்பக்கத் துளைகளை யன்னல் பக்கம் திருப்பி வைக்காதீர்கள்.

எரிந்த அடையாளம் பெரும்பாலும் இடியால் வரும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் வழக்கம். வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைப்பது போதாது. கரண்ட் போனால் பற்றரியில் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை: 27 அங்குல எல்சிடி எடுப்பது பெரும்பாலும் 30, 40 வாட்தான், கேமிங் கணினி அதைப் போல் பல மடங்கு. 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் கரண்ட் போன காலத்தில் 650 வோல்ட்-அம்பியர் யூபிஎஸ் வாங்கியவர்கள் விளையாடவா செய்தார்கள்? அது சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்கும் வரைக்கும் தாங்கும்.

கடையிலேயே பெட்டியைத் திறந்து, பூட்டி, நிறங்களைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுங்கள். முகம் சுளித்தால் பக்கத்துக் கடைக்குப் போகலாம், யுனிட்டி பிளாசாவில் கடைக்கா பஞ்சம்? மொனிட்டரின் பின்னாலுள்ள தொடரிலக்கமும் பில்லிலுள்ளதும் ஒன்றா என்று ஒப்பிட்டு, பில்லைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். அந்த வெப்பத் தாளிலுள்ள எழுத்து வாரண்டி முடியும் முன்பே மங்கிப்போகும். பெட்டியையும் உள்ளிருந்த ரிஜிஃபோமையும் அலுமாரிக்கு மேல் போட்டுவிடுங்கள். அது இல்லாமல் திருத்தக் கொண்டுபோனால் எடுக்க மறுக்கும் கடைகள் உண்டு.